ஐந்து கைபேசிகளும் ஒரு நிழலும்

கைபேசியைப் பற்றி மதரஸா ஆசிரியன் ஒருவன் எழுதப் புகுந்தால் வாசக அன்பர்கள் புன்னகை புரியக்கூடும். புரியட்டும். ஐம்பத்தாறு வயதாகிவிட்ட எனக்கு, கல்லச்சில் வந்த பழைய அரபுத் தமிழ் நூல்களைப் படிக்க இன்று அதுவே கண்ணாடி. பக்கத்தைப் படமெடுத்து இரு விரலால் விரித்துப் பார்த்தால், எழுத்தின் அடியில் இட்ட புள்ளி எது, பூச்சி அரித்த துளை எது என்று பிரித்தறிய முடிகிறது. ஆகவே அந்தக் கருவியின்மீது எனக்குப் பகை ஏதும் இல்லை. அளவுக்கு மீறிய நம்பிக்கைதான் இருந்தது. அதனால் நேர்ந்ததைச் சொல்கிறேன்.

தர்மபுரி மாவட்டத்தில் நான் ஓதிக்கொடுக்கும் சிற்றூரின் பள்ளிவாசல் பழையது. 2023ஆம் ஆண்டு கோடையில் அதனைக் கிழக்குப் புறமாக நீட்டிக் கட்டினார்கள். மிஹ்ராபு உள்ள மேற்குச் சுவரை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். தரைக்குக் கல் பதிக்கும் வேலை வந்தபோது, ஸஃப்புக் கோடுகளை எந்தத் திசைக்கு இடுவது என்ற கேள்வி எழுந்தது. "அதற்கென்ன, செல்லில் பார்த்துவிடலாம்" என்று இளைஞர்கள் முன்வந்தார்கள். ஐந்து கைபேசிகளைத் தரையில் வரிசையாக வைத்தார்கள். ஐந்தும் ஐந்து திசையைக் காட்டின. ஒன்று நேர் மேற்கு என்றது. இன்னொன்று வடமேற்கையும் தாண்டி நின்றது. வாய்ச்சொல் தடித்தது. முடிவில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் என் கைபேசியை எடுத்துப் பார்த்து, "மிஹ்ராபு இருபத்தைந்து பாகை பிசகியிருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். டிகிரி என்று வழக்கில் சொல்லும் பாகையைத்தான் சொன்னேன். ஓதியவன் சொன்ன சொல் அல்லவா? கூட்டம் அமைதியாயிற்று. அப்போது தூணோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் மெல்லக் கேட்டார்: "ஹஜ்ரத், அப்படின்னா எங்க அத்தா நாற்பது வருசம் இங்கே தொழுதது கூடாதுங்களா?" அந்தச் சுவரை எழுப்பியவர்களுள் அவருடைய தந்தையாரும் ஒருவர்.

சட்டப்படி அதற்கு விடை கடினமானதன்று. கஃபாவைக் கண்ணால் காண இயலாத தொலைவில் உள்ளோர்க்கு அதன் திசையே போதும்; இரு பக்கமும் 45 பாகைக்குள் விலகல் இருந்தால் தொழுகை பாழாவதில்லை என்பது ஹனஃபி மத்ஹபு அறிஞர்களின் கூற்று. ஷாஃபி மத்ஹபில் இறுக்கம் கூடுதல். எங்கள் ஊரார் ஹனஃபிகள். இதை எடுத்துச் சொன்னேன். பெரியவர் தலையை அசைத்தார். ஆனால் அவர் முகம் தெளியவில்லை. "கூடும்" என்ற சொல் அவருக்குப் போதவில்லை. "அத்தா தவறவில்லை" என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

அன்றிரவு வீட்டில் கைபேசியை அதன் உறையிலிருந்து கழற்றினேன். புத்தகம் போல் மூடித் திறக்கும் உறை. மூடி தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஏன் ஒட்டிக்கொள்கிறது என்று இரண்டாண்டுகளாக நான் சிந்தித்ததே இல்லை. உறையைக் கழற்றியதும் கிப்லா முள் துள்ளித் திரும்பியது. இரும்புப் பீரோவை விட்டு நான்கடி நகர்ந்தேன், மறுபடியும் திரும்பியது. முற்றத்துக்குப் போனேன், இன்னும் கொஞ்சம் திரும்பியது. எனக்கு வியர்த்துவிட்டது.

இதனைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கிப்லாச் செயலி இரண்டு வேலைகளைச் செய்கிறது. நாம் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே அறிந்து, அங்கிருந்து மக்காவின் கோணத்தைக் கணக்கிடுவது ஒன்று. அதில் பிழை நேர்வது அரிது. தர்மபுரியிலிருந்து மக்கா ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர். கோணம், நேர் மேற்கிலிருந்து வடக்கே 19 பாகை. எல்லாக் கைபேசியும் இதையே சொல்லும். ஆனால் வடக்கு எது என்று கண்டுபிடிப்பது இரண்டாவது வேலை. அதற்கு உள்ளே இருப்பது ஒரு நுண்ணிய காந்த உணர்கருவி. பூமியின் காந்தமோ மிக மெலிந்தது. விரற்கடைத் தூரத்தில் இருக்கும் உறையின் காந்தமும், தூணுக்குள் இருக்கும் கம்பியும், ஒலிபெருக்கியும் அதைவிட உரக்கப் பேசுகின்றன. ஐந்து கைபேசிகளும் கணக்கில் ஒன்றுபட்டு வடக்கில் வேறுபட்டிருக்கின்றன. நாங்கள் அவற்றைப் பார்த்த இடமோ கம்பி கட்டிய புதுத் தூணின் அடி!

ஆகவே முள்ளை நம்புமுன் உறையைக் கழற்றுங்கள், வெட்டவெளிக்கு வாருங்கள், ஓட்டுநர் உரிமத்துக்கு எட்டுப் போடுவார்களே, அதைப் போல் கைபேசியைக் காற்றில் நாலைந்து முறை எட்டாகச் சுழற்றுங்கள். பெரும்பாலும் முள் ஒழுங்குக்கு வந்துவிடும். இதைவிட நல்ல வழியும் உண்டு. செயற்கைக்கோள் படத்தில் உங்கள் வீட்டுக் கூரையிலிருந்து மக்காவுக்குக் கோடு இழுத்துக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. அந்தக் கோடு காந்தத்தைக் கேட்பதில்லை. கோட்டுக்கும் சுவருக்கும் உள்ள சாய்வைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒருமுறை கைபேசியால் கலைந்த ஜமாஅத்தை மறுபடியும் கைபேசி காட்டித் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. மதரஸாவில் வானியல் பாடத்தில் ஓதியது நினைவுக்கு வந்தது. ஆண்டில் இரு முறை, மே 27 அல்லது 28இலும், ஜூலை 15 அல்லது 16இலும், நண்பகலில் சூரியன் கஃபாவின் உச்சிக்கு நேராக வருகிறது. அந்த நொடியில் சூரியனை நோக்குகிறவன் கிப்லாவை நோக்குகிறான். நஸீருத்தீன் தூஸி 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த முறை இது. நம் நேரப்படி மே மாதத்தில் பிற்பகல் 2.48, ஜூலையில் 2.57. ஜூலையில் மேகம் மறைக்கலாம். மே 28க்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அன்று ஃபஜ்ருத் தொழுகைக்குப்பின் எழுந்து நின்று, முதல் நாள் நான் சொன்னது தவறு என்றும், தவறு சுவரில் இல்லை, என் உறையில் இருந்தது என்றும் சொன்னேன். சில இளைஞர்கள் சிரித்தார்கள். கல் பதிப்பவர்களை நிறுத்திவைக்க முத்தவல்லிக்கு மனமில்லை. கூலி கணக்கு அவருக்கு. எப்படியோ இசைந்தார்.

மே 28 ஞாயிற்றுக்கிழமை. லுஹர் முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மிஹ்ராபுச் சுவரின் நேர்க்கோட்டைக் கொத்தனார் வெளி முற்றம் வரை நூல் பிடித்து இழுத்திருந்தார். பக்கத்தில் முக்காலி நட்டுத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். மணி பார்க்கக் கைபேசியைத்தான் வைத்துக்கொண்டோம். சுவர்க்கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடுவது ஊரறிந்தது. கைபேசியோ வலைப்பின்னலிலிருந்து நேரத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. இரண்டே முக்காலுக்கு ஒரு மேகம் வந்தது. யாரோ துஆ ஓதினார்கள். மேகம் விலகியது. 2.48க்கு நூலின் நிழல்மீது கொத்தனார் சுண்ணாம்புக் கோடு இழுத்தார்.

அந்தக் கோட்டுக்கும் மிஹ்ராபு நோக்கும் திசைக்கும் இடையே அளந்து பார்த்தால் ஏழு பாகை. கடிகாரமும் வரைபடமும் அரிதாயிருந்த காலத்தில், சூரியன் சாயும் திசையையும் பெரியோர் சொல்லையும் கொண்டு எழுப்பிய சுவர், 4,200 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள இல்லத்துக்கு ஏழு பாகை வித்தியாசத்தில் நின்றுகொண்டிருந்தது. என் விலையுயர்ந்த கருவியோ இருபத்தைந்து என்று சொன்னது!

பெரியவர் குனிந்து அந்தச் சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஏழுதானுங்களா ஹஜ்ரத்?" என்றார். "ஏழுதான் அத்தா" என்றேன். தம்மையே அத்தா என்று நான் அழைத்ததைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். புதிய ஸஃப்புக் கோடுகளை நிழலின்படி இட்டார்கள்; மிஹ்ராபை யாரும் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து எங்கள் தொழுகை விரிப்பைத் திருப்பிப் போட்டேன். இரண்டாண்டாக அதனைப் பீரோவுக்கு அருகே நின்று, உறை போட்ட கைபேசியைப் பார்த்து நான்தான் விரித்துக் காட்டியிருந்தேன். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை; விரிப்பையும் என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். உறையிலிருந்த காந்தத்தைப் பேரன் பிய்த்தெடுத்துக்கொண்டான். பள்ளிவாசல் வேலையில் மிஞ்சிய மணலில் ஆணி பொறுக்கி விளையாடிக்கொண்டிருக்கிறான்.