வேலி தாண்டும் பனிப்பாதை

ஊரே உறங்கும் நேரத்தில் அந்த வண்டிக்கு வேலை தொடங்குகிறது. சக்கரங்களுக்குப் பதிலாக அகலமான பட்டைகளில் ஊர்ந்து செல்லும் அது, புதிதாகப் பெய்த பனியைக் கிளறி, நொறுக்கி, அழுத்திக்கொண்டே போகிறது. அது கடந்து சென்ற இடத்தில், சீப்பால் வாரியது போன்ற மெல்லிய வரிகளுடன் ஓர் அகலமான பாதை தோன்றுகிறது. பாதையின் ஓரத்தில் தண்டவாளம் போல இரண்டு பள்ளக் கோடுகள். அழுத்தப்பட்ட பனியிலிருந்து காற்று வெளியேறிவிடுவதால் துகள்கள் நெருங்கி வருகின்றன. இரவின் கடுங்குளிரில் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடுகின்றன. விடிவதற்குள் பாதை தயார்.

இது நடப்பது அமெரிக்காவின் வடமேற்கே, வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள மெட்ஹவ் பள்ளத்தாக்கில். அங்கே காலங்காலமாக வாழ்ந்த பழங்குடி மக்களின் பெயரே ஆற்றுக்கும் பள்ளத்தாக்குக்கும் வழங்குகிறது. மெட்ஹவ் ஆற்றுடன் சீவக் ஆறு கலக்கும் இடத்தில் வின்த்ராப் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 504 மட்டுமே. ஆற்றின் போக்குக்கு எதிராக மேலே சென்றால் மசாமா என்னும் இன்னும் சிறிய ஊர் வரும்.

1972ஆம் ஆண்டு, மலைத்தொடரைக் கடந்து செல்லும் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. சுற்றுப்பயணிகள் வரத் தொடங்கினர். ஆனால், பனிச்சரிவு அபாயத்தால் அச்சாலை ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலத்திலும் மூடப்பட்டு, வசந்த காலத்தில்தான் மீண்டும் திறக்கப்படுகிறது. அந்த மாதங்களில் மசாமாவுக்கு அப்பால் வாகனங்கள் செல்ல வழியில்லை. கோடையில் கலகலப்பாக இருக்கும் கடைத்தெரு குளிர்காலத்தில் வெறிச்சோடினால் ஊரார் எப்படிப் பிழைப்பது?

ஊரார் கையில் இருந்தவை பனியும் சமதளமான ஆற்றங்கரையும்தான். பனிச்சறுக்கு என்றதும் மலையுச்சியிலிருந்து மின்னல் வேகத்தில் இறங்குவதே பலருக்கும் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது வேறு. நீண்டு மெலிந்த சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டி, இரு கைகளிலும் கோல்களை ஊன்றி, நடப்பதும் சறுக்குவதும் கலந்த ஓர் அசைவில் சமவெளியிலேயே பல கிலோமீட்டர் போகலாம். பாட்டியும் போகலாம், பேரனும் போகலாம். மலையேற்றிவிடும் கம்பிவண்டி தேவையில்லை. தேவைப்படுவது ஒன்றே ஒன்று: அறுபடாத பாதை.

அங்கேதான் சிக்கல். ஆற்றங்கரை நிலத்தில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தமானது. ஒருவருடைய வைக்கோல் வயல், அடுத்தவருடைய மேய்ச்சல் நிலம், அதற்கடுத்து ஒருவருடைய வீட்டுத் தோட்டம். எல்லாவற்றையும் விலைகொடுத்து வாங்க யாரிடமும் பணமில்லை. 1977ஆம் ஆண்டு ஊரார் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். நில உரிமையாளர்களின் வீடு தேடிச் சென்று அனுமதி கேட்டனர். குளிர்காலத்தில் மட்டும் உங்கள் நிலத்தின் வழியாகப் பாதை போகட்டும் என்பதே கோரிக்கை. சிலர் உடனே சம்மதித்தனர், சிலர் தயங்கினர். தயங்கியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. முன்பின் அறியாதவர்கள் தங்கள் சமையலறைச் சன்னலை ஒட்டிச் சறுக்கிக்கொண்டு போவதை யார்தான் எளிதில் ஏற்பார்கள்?

இதற்கிடையே பெரிய திட்டம் ஒன்று வந்தது. மசாமாவுக்கு அருகிலுள்ள மலையில், கம்பிவண்டிகளும் விடுதிகளும் கொண்ட மிகப் பெரிய பனிச்சறுக்கு மையத்தை அமைக்க முயற்சி நடந்தது. வேலை கிடைக்கும், வருமானம் பெருகும் என்று ஒரு சாரார் வரவேற்றனர். மலையிலிருந்து இறங்கிவரும் மான் கூட்டத்துக்கு ஆபத்து, பள்ளத்தாக்கின் காற்றும் மாசுபடும் என்று மற்றொரு சாரார் எதிர்த்தனர். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1989ஆம் ஆண்டு வந்த தீர்ப்பு எதிர்ப்பாளர்களுக்குச் சாதகமாக அமையவில்லை. பாதிப்புகளை ஆராய்ந்து வெளிப்படுத்தினால் போதும், அவற்றைச் சரிசெய்யும் முழுத் திட்டத்தையும் வகுத்தாக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றது நீதிமன்றம். இருந்தும், அந்த மையம் கடைசிவரை கட்டப்படவே இல்லை.

பாதைகளோ வயல் வயலாக நீண்டுகொண்டே போயின. இன்று அவற்றின் மொத்த நீளம் 200 கிலோமீட்டருக்கும் அதிகம். வின்த்ராப்பில் காலையில் புறப்படும் ஒருவர், ஆற்றோரமாகவே சறுக்கி மசாமாவை அடைந்து, சூடான சூப் குடித்து இளைப்பாறலாம். வழியில் தொங்குபாலம் ஒன்றில் ஆற்றைக் கடக்க வேண்டும். கீழே, பனி மூடிய கற்களுக்கிடையே கருநிற நீர் ஓடுவதைப் பார்ப்பதற்கென்றே பலர் அங்குச் சற்று நின்றுவிடுகிறார்கள்.

இவ்வளவு நீளமான பாதைக்கு ஒழுங்குமுறையும் உண்டு. சறுக்குத் தடத்தில் வெறும் காலணியோடு நடக்கக் கூடாது. இது வீண் கெடுபிடிபோலத் தோன்றலாம். ஆனால், காலடி பதிந்த பள்ளம் இரவில் கல்லாக இறுகிவிடும். மறுநாள் வேகமாக வருபவரின் கட்டை அதில் சிக்கினால் அவர் தலைகுப்புற விழ வேண்டியதுதான். நாயை அழைத்துச் செல்ல விரும்புவோருக்குத் தனிப் பாதைகள் இருக்கின்றன. பாதையை விட்டு விலகி வயலுக்குள் திரியக் கூடாது என்பதும் முக்கியமான விதி. ஒரு சிலரின் அலட்சியத்தால் நில உரிமையாளர் மனம் கசந்து அனுமதியை விலக்கிக்கொண்டால், இழப்பு அனைவருக்கும்தான்.

வேறொரு கவலையும் இருக்கிறது. பாதைகளின் புகழால் வெளியூரார் அங்கு வந்து வீடு வாங்குகின்றனர். நிலத்தின் விலை ஏறுகிறது. இரவெல்லாம் பனியைச் சீர்படுத்தும் தொழிலாளியும் உணவகத்தில் சூப் பரிமாறுபவரும் தங்கள் வருமானத்துக்கு ஏற்ற வீடு கிடைக்காமல் அல்லாடுகின்றனர். வயல் கைமாறும்போது புதிய உரிமையாளர் என்ன சொல்வாரோ என்ற கேள்வியும் எழுகிறது. மறுத்தால் பாதையைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். ஒருபுறம் ஆறும் மறுபுறம் மலையும் நெருக்கும் குறுகிய இடத்தில் சுற்றிப்போகவும் வழியிருக்காது. ஆகவே, வீடு தேடிச் சென்று பேசும் வேலை 1977ஆம் ஆண்டோடு முடிந்துவிடவில்லை.

வசந்தம் வந்து பனி உருகியதும் வயல்வெளிகளில் பாதை இருந்த சுவடே தெரிவதில்லை. வரிவரியாகக் கிடந்த வெண்மை நீராகி ஆற்றில் கலந்துவிடுகிறது. வேலிக்கு உள்ளே புல் தழைக்கிறது. மாடுகள் மேய வருகின்றன.