கால்நடைக்கு இடமில்லாத சாலை

அதிகாலை நாலரை மணி. போடிநாயக்கனூரில் டீக்கடைகள் விழித்துவிட்டன. தெருமுனைகளில் பெண்கள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். கையில் தூக்குவாளி, தோளில் ஒரு பை, தலையைச் சுற்றித் துண்டு. ஒரு ஜீப் வந்து நிற்கிறது. பத்துப் பேர் உட்கார்ந்தாலே முழங்கால் இடிக்கும் வண்டி அது. ஏறியவர்களைப் பதினைந்து வரை எண்ண முடிந்தது. அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

போடியில் மட்டுமல்ல, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் என்று தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரம் முழுவதும் இந்த நேரத்தில் இதே காட்சிதான். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று மலைப்பாதைகள் வழியாகவும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். களையெடுப்பு, காயெடுப்பு, கவாத்து என்று ஆண்டு முழுவதும் வேலை. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். மாநில எல்லையை ஒரு நாளைக்கு இரண்டு முறை கடப்பவர்கள் இவர்கள். முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்த 2011 டிசம்பரிலும், கொரோனாவுக்காக எல்லை மூடப்பட்ட 2020-லும் முதலில் நின்றது இவர்களுடைய பயணம்தான்.

நான் பஸ்ஸில் ஏறினேன். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கீழே போடியின் விளக்குகள் ஒருமுறை தெரிந்து மறைகின்றன. எங்கள் பஸ்ஸை ஜீப்புகள் ஒவ்வொன்றாக முந்திக்கொண்டு போயின. பின்படியில் இரண்டு பேர் தொற்றியிருந்த ஜீப் ஒன்று, பஸ்ஸுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நுழைந்து போனது. பஸ்ஸில் யாரும் பதறவில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது.

பூப்பாறை டீக்கடையில் ஒரு அம்மாவிடம் கேட்டேன்: "ஏம்மா, இப்படி நெருக்கி அடிச்சுக்கிட்டு வர்றதுக்குப் பஸ்ஸில வரக்கூடாதா?"

அவர் சிரித்தார். "பஸ்ஸு மெயின் ரோட்டோட நின்னுரும் தம்பி. தோட்டம் உள்ளாற எம்புட்டோ தூரம். நேரத்துக்குப் போய்ச் சேரலேன்னா பேரு எழுத மாட்டாங்க."

இந்த இரண்டு வாக்கியங்களில் முழுப் பொருளாதாரமும் இருக்கிறது. ஜீப் வீட்டுத் தெருவில் ஏற்றி, தோட்டத்தின் வாசலில் இறக்குகிறது. வாடகையைப் பெரும்பாலும் தோட்டக்காரரே கொடுத்துவிடுகிறார். ஆள் அதிகம் ஏறினால் தோட்டக்காரருக்குச் செலவு குறைவு. சீக்கிரம் இறக்கிவிட்டு இன்னொரு நடை அடித்தால் டிரைவருக்குக் கூடுதல் வருமானம். நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கில் லாபம் இல்லை. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. அதற்கு 'விடியல் பயணம்' என்று பெயர். விடிவதற்கு முன்பே கிளம்பும் இந்தப் பெண்களுக்கு அந்தப் பஸ் உதவுவதில்லை.

பூப்பாறையிலிருந்து மூணாறு நோக்கிச் சிறிது தூரம் நடந்து பார்த்தேன். கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இது. இதில் மூணாறு - போடிமெட்டு இடையே சுமார் 42 கி.மீ. தூரத்தை அகலப்படுத்தும் பணி பல ஆண்டுகள் நடந்தது. தேவிகுளத்துக்கு அருகே கேப் ரோட்டில் பாறையை உடைத்தபோது 2019-லும் 2020-லும் மலையே சரிந்து விழுந்தது. 2024 ஜனவரியில் சாலை முறைப்படி திறக்கப்பட்டது.

அழகான சாலைதான். இருபுறமும் தேயிலையும் ஏலமும், நடுவில் கறுப்பு நாடாவாக வளைந்து போகும் தார். சுற்றுலாக் கார்கள் பறக்கின்றன. ஒரு வளைவில் எதிரே வந்த இரண்டு கார்கள் ஒன்றையொன்று முந்த முயன்றபோது, நான் மண்சரிவோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த மூன்று பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்தே ஒதுங்கத் தெரிந்திருக்கிறது அவர்களுக்கு.

மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே போனாலும் சொற்களைத்தான் முதலில் பார்ப்பான். பாதசாரியை மலையாளத்தில் 'கால்நடயாத்ரக்காரன்' என்பார்கள். தமிழிலும் கால்நடையாகப் போவது உண்டு. ஆனால், வெறுமனே 'கால்நடை' என்றால் நமக்கு ஆடுமாடுதான். மலையாளச் செய்தியொன்றை அவசரத்தில் மொழிபெயர்த்து, பாதசாரிகளைப் பசுமாடுகளாக்கிவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. இந்தச் சாலையோரத்தில் நின்றபோது அது அப்படியொன்றும் பெரிய பிழையல்ல என்று தோன்றியது. சாலைக்கு இருவரும் இடைஞ்சல்தானே?

அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டுதான் வடக்கே இருக்கும் இன்னொரு எல்லைக்கு, பாலக்காட்டுக்குப் போனேன். காரணம், 2024 டிசம்பரில் மலையாளப் பத்திரிகைகளில் நான் படித்த செய்தி.

இடுக்கி எல்லை ஏற வேண்டிய எல்லை. பாலக்காடு அப்படியல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை தானே கதவைத் திறந்துவைத்திருக்கும் கணவாய் அது. கோவையிலிருந்து புறப்பட்டால், மலையைத் தாண்டினோமா என்று சந்தேகப்படுவதற்குள் கேரளம் வந்துவிடுகிறது. ஒரு காலத்தில் வாளையார் சோதனைச்சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபிறகு வணிகவரிச் சாவடிகள் போயின. நான்குவழிச் சாலையும் வந்துவிட்டது. சரக்குக்கு நேரம் மிச்சம்.

பாலக்காட்டைத் தாண்டி கோழிக்கோடு போகும் 966-ஆம் எண் நெடுஞ்சாலையில், மண்ணார்க்காட்டுக்கு முன்னால் கரிம்பா என்ற ஊர். அதையடுத்து பனயம்பாடம். 2024 டிசம்பர் 12-ஆம் தேதி மாலை, தேர்வு எழுதிவிட்டு எட்டாம் வகுப்பு மாணவிகள் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். சிமெண்ட் ஏற்றிவந்த லாரி ஒன்று கட்டுப்பாட்டை இழந்து அவர்கள்மீது கவிழ்ந்தது. நான்கு சிறுமிகள் இறந்தார்கள். ஒரே வகுப்புத் தோழிகள்.

அந்த வளைவில் மழை பெய்தால் வண்டிகள் வழுக்குகின்றன என்று ஊர்க்காரர்கள் பல காலமாகச் சொல்லிவந்தார்கள். விபத்துக்குப் பிறகு மறியல் செய்தார்கள். போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ் குமார் வந்து, தானே வண்டி ஓட்டிப் பார்த்து, சாலையின் அமைப்பில் குறை இருப்பதை ஒப்புக்கொண்டார். அமைச்சர் ஓட்டிப் பார்த்தது நல்ல காரியம். ஆனால், அந்தச் சிறுமிகள் வண்டி ஓட்டியவர்கள் அல்ல. அந்தச் சாலையை நடந்து பார்க்க வேண்டும்.

நான் போன அன்று பள்ளி விடும் நேரம். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வழக்கமாக அந்த வயதுப் பெண்கள் கைகோத்துக்கொண்டு, சாலையை அடைத்துக்கொண்டு, கதை பேசியபடிதான் நடப்பார்கள். இவர்கள் அப்படி நடக்கவில்லை. லாரியின் சத்தம் கேட்டதும் கடைசியில் வந்த சிறுமி நின்று, அது போகும்வரை காத்திருந்து, பிறகு ஓடிப்போய் மற்றவர்களுடன் சேர்ந்துகொண்டாள்.

கேரளம் சாலை விபத்துகளில் ஒரு விசித்திரமான மாநிலம். மத்திய அரசின் புள்ளிவிவரப்படி 2022-இல் அங்கே 43,910 விபத்துகள், 4,317 மரணங்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். கேரளத்தில் பத்து விபத்துக்கு ஒருவர் இறந்தால் நம் பக்கம் கிட்டத்தட்ட மூன்று பேர். சிறிய விபத்தும் அங்கே பதிவாகிறது, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது என்பவை சில காரணங்கள். இன்னொன்று, ஊர் முடியாமல் தொடர்ந்துகொண்டே போகும் குறுகலான சாலைகள். அவற்றில் வேகமாகப் போக முடியாது. நாம் சபிக்கும் அந்த நெரிசலே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. சாலையை அகலமாக்கி, வேகத்தை அனுமதித்து, நடப்பவருக்கு மட்டும் எதுவும் செய்யாமல் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

நாடு முழுவதும் 2022-இல் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர்.

இந்த எண்ணிக்கை உறுத்தித்தான் ஒருவர் உச்சநீதிமன்றத்துக்குப் போனார். அவர் வக்கீல் அல்ல, கணவாயின் இந்தப் பக்கம் கோவையில் இருக்கும் எலும்பு மருத்துவ நிபுணர் எஸ். ராஜசேகரன். உடைந்த எலும்புகளை ஒட்டவைப்பவர், அவை உடையாமலிருக்க 2012-இல் வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதே வழக்கில் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில், 50 நகரங்களில் நடைபாதைகளைத் தணிக்கை செய்ய உத்தரவிட்டது.

ஐம்பது நகரங்கள். மிகவும் தேவையான உத்தரவு. ஆனால், பூப்பாறை நகரமல்ல. பனயம்பாடமும் நகரமல்ல. வாழ்வுரிமைக்கு மக்கள்தொகை வரம்பு உண்டா என்ன?

இங்கே தேவைப்படுபவை கோடிகளை விழுங்கும் திட்டங்கள் அல்ல. பள்ளிகளும் கடைத்தெருவும் இருக்கும் இடங்களில் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே தடுப்புடன் ஓர் ஆள் நடக்க இடம். அங்கே மணிக்கு 30 கி.மீ. வேகம்; 2020-இல் ஸ்டாக்ஹோம் உலக மாநாடு சொன்ன வரம்பு இதுதான். அதிகாலையில் மலையேறித் தோட்டச் சாலைகளுக்குள்ளும் போகும் சிறிய பஸ்கள். அதற்கு இரண்டு மாநிலங்களும் ஓர் உடன்படிக்கை. அதுவரை ஜீப்பில் எத்தனை பேர் என்று இரண்டு சோதனைச்சாவடிகளிலும் எண்ணுவதற்கு ஆள். ஏலக்காயைக் கிராம் சுத்தமாக எடை போடத் தெரிந்தவர்களுக்கு இது சிரமமல்ல.

போடிமெட்டிலிருந்து நான் இறங்கிய மாலையில், ஜீப்புகளும் இறங்கிக்கொண்டிருந்தன. கீழே முந்தல் சாவடியைத் தாண்டியதும் என் பஸ்ஸுக்கு முன்னால் போன ஜீப் ஓரிடத்தில் நின்றது. நான்கு பெண்கள் இறங்கினார்கள். காலையில் நிறைந்திருந்த தூக்குவாளிகள் இப்போது காலி. நடக்கும்போது மூடி கிணுகிணுத்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் தூரம் இருந்திருக்க வேண்டும். சாலையின் ஓரத்தில், ஒருவர் பின் ஒருவராக, அவர்கள் நடக்கத் தொடங்கினார்கள்.