காக்கையும் பனம்பழமும்

போன ஞாயிறு அக்கா பெண் லேப்டாப்பும் கையுமாக வந்தாள். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸில் பி.எச்டி., நாலாவது வருஷம். திரையில் ஏகப்பட்ட புள்ளிகள், குறுக்கும் நெடுக்கும் கோடுகள். சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி இருந்தது.

'எந்த ஜீன் எதை அதட்டுதுங்கற மேப், மாமா.'

சில ஜீன்கள் தயாரிக்கும் புரதம், வேறொரு ஜீனின் வாசலில் போய் உட்கார்ந்து அதை முடுக்கிவிடும், அல்லது வாயைப் பொத்தும். ஜாக்கோபும் மோனோவும் 1961-ல் பாக்டீரியாவை வைத்து இதை விளக்கி, 1965-ல் லுவாஃபுடன் சேர்ந்து நோபல் வாங்கினார்கள். அவர்கள் துருவியது ஒரு சில ஜீன்களை. இவளுடைய ஈஸ்ட்டில் சுமார் 6,000! யார் யாரை என்று சந்தேகப்பட்டால் மூன்றரைக் கோடி ஜோடி. ஒவ்வொன்றும் எப்போது எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்று அளந்து கொடுத்தால், உறவைக் கம்ப்யூட்டர் ஊகிக்கும்.

அங்கேதான் வம்பு. எங்கள் தெருவில் காலை ஆறுக்குப் பால்காரர் மணி அடிப்பார். உடனே எதிர்வீட்டில் குக்கர் விசில். டேட்டாவை மட்டும் பார்த்தால் பால்காரர்தான் குக்கரை இயக்குகிறார். உண்மையில் இருவரையும் இயக்குவது கடிகாரம்.

இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 2006-ல் வந்த 'அராக்னி', மூன்று ஜீன்கள் முக்கோணமாகக் கோத்துக்கொண்டால் இருப்பதில் பலவீனமான கோட்டை வெட்டிவிடும். 2010-ன் 'ஜீனி3' நூற்றுக்கணக்கான முடிவு மரங்களிடம் அபிப்பிராயம் கேட்கும். முப்பதுக்கும் மேற்பட்ட முறைகளை மோதவிட்ட 'ட்ரீம்5' போட்டியின் முடிவு 2012-ல் வெளியானது. எல்லா விடைகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தது, மொத்தத்தில் தனித்தனி முறைகளை விட நம்பகமாக இருந்ததாம். ஊர் கூடித் தேர் இழுத்தும், ஈ.கோலை பாக்டீரியாவில் புதிதாகச் சொன்ன 53 உறவுகளைச் சோதித்ததில் 23-க்குத்தான் ஆதாரம் கிடைத்தது.

'உன் மேப்?' என்றேன்.

இருப்பதிலேயே தடித்த கோட்டைக் காட்டினாள். 'இந்த ஜீனை நீக்கிப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒண்ணுமே ஆகலை. காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதை. ரெண்டு வருஷம் போச்சு, மாமா. தீசிஸ்ல இதை விட்டுடலாமா?'

எனக்கு ஜீன் தெரியாது. ஆனால் இதை அவள் மறைத்தால், எங்கோ இன்னொரு பெண் அதே கோட்டை நம்பி இன்னும் இரண்டு வருஷம் தொலைப்பாள் என்பது தெரியும்.

'அழிக்காதேம்மா. அதைப் புள்ளிக்கோடாப் போட்டு, கீழே நடந்ததை எழுது' என்றேன்.

பதில் சொல்லவில்லை. ஆனால் காபி ஆறுவதற்குள் அந்தக் கோடு புள்ளிக்கோடாகியிருந்தது.