400 மில்லிலீற்றர் கல்சியம்

நண்பரின் மகள் இங்கு, அவுஸ்திரேலியாவில், இந்த வருடம் மிருக வைத்தியராகியிருக்கிறாள். "படிச்சதெல்லாம் மறந்துபோன மாதிரி இருக்கு அங்கிள்" என்றாள். மறதி எனது பிரச்சினையாக இருக்கவில்லை.

1981ஆம் ஆண்டு. பேராதனையில் பட்டம் பெற்று மலையகத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதங்கள்தான். ஒரு தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் பிரிசியன் பசுவொன்று படுத்துக் கிடந்தது. முதல்நாள்தான் கன்று ஈன்றிருந்தது. கழுத்தை மடித்துத் தலையை விலாவில் சாய்த்திருந்தது. காது குளிர்ந்திருந்தது. மடி பாலுக்காகக் கல்சியத்தை இழுத்துக்கொள்ள, இரத்தத்தில் அது குறைந்துவிடும். பெயர்தான் பால்காய்ச்சல், காய்ச்சலே இருக்காது. இறுதிப் பரீட்சையில் இதற்குப் பதில் எழுதியவன் நான்.

கழுத்து நாளத்தில் ஊசியை ஏற்றி, கல்சியம் போறோகுளுக்கோனேட் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தேன். 400 மில்லிலீற்றர். பத்து நிமிடமாவது எடுத்து மெதுவாக ஏற்றவேண்டும், இடையிடையே நெஞ்சைக் கேட்கவேண்டும். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும். இதையும் பரீட்சையில் எழுதியிருந்தேன். ஆனால் இருபது பேர் சுற்றிநின்று பார்க்கும்போது பத்து நிமிடம் எவ்வளவு நீளமென்று பேராதனையில் எவரும் சொல்லித்தரவில்லை. "சின்னப் பையனா இருக்காரே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இருட்டிக்கொண்டு வந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. போத்தலை உயர்த்தினேன். ஸ்டெதஸ்கோப் எனது கழுத்திலேயே தொங்கியது.

முக்கால் போத்தல் முடிந்திருக்கும். பசு உடலை ஒருமுறை உதறியது. எழும்பப் போகிறதென்று நினைத்து உள்ளுக்குள் மகிழ்ந்தேன். அப்படியே சரிந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தேன். கேட்பதற்கு ஒன்றுமில்லை.

பசுவின் சொந்தக்காரி கொழுந்து பறிக்கும் பெண். அந்தப் பாலை விற்றுத்தான் பிள்ளைகளின் செலவைப் பார்த்தவர். என்னை ஏசுவாரென்று காத்திருந்தேன். "காலையிலேயே ஐயாவ கூப்பிட்டிருக்கணும், நான்தான் விட்டுட்டேன்" என்றார். நான் தலையாட்டினேன். சாயத்தேநீர் தந்தார். அதையும் குடித்துவிட்டு வந்தேன்.

அதன்பின் கல்சியம் ஏற்றும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மாட்டுக்காரரின் கையில் கொடுத்து, நிமிடத்தை உரக்கச் சொல்லச் சொல்வேன். பலர் என்னை விசித்திரமாகப் பார்த்திருக்கிறார்கள். பல பசுக்கள் எழுந்து நடந்திருக்கின்றன.

இதையெல்லாம் நண்பரின் மகளுக்குச் சொன்னேன். அவளுக்குச் சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கேட்பதற்கு மூத்த வைத்தியர் இருக்கிறார். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், "அந்த அம்மாட்ட பிறகு உண்மையைச் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.