மழையில் ஓட என்ன போடலாம்?

சாத்தாரா மலை அரை மாரத்தானுக்குப் பேர் கொடுத்திருக்கிற நம்ம ஊர் நண்பர் ஒருத்தர் நேத்து போன் பண்ணி, "சார், நல்ல ரெயின்கோட்டா ஒண்ணு சொல்லுங்க"ன்னார். ரெயின்கோட்டே வேணாம்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறார். சரி, விவரமா எழுதியே வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

தெரியாதவங்களுக்கு: சாத்தாரா, மும்பையிலேர்ந்து சுமார் 250 கிலோமீட்டர். மழைக்காலத்துல நடக்கிற 21 கிலோமீட்டர் ஓட்டம் இது. ஊருக்குள்ளேர்ந்து யவதேஷ்வர் மலைப்பாதையில ஏறி, காஸ் பீடபூமி போற ரோட்ல கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, வந்த வழியே இறங்கணும். மழை, மூடுபனி, காத்து மூணும் ஒரே காலையில கிடைக்கலாம்.

அப்ப ரெயின்கோட் வேணும்தானேன்னு தோணும். ஆனா அங்க ஒண்ணும் உறையற குளிர் இல்லை. ஏத்தத்துல ஓடறப்ப உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்கும். மழைத்தண்ணி உள்ள வராது, சரி. வேர்வை எப்படி வெளிய போகும்? மூடி போட்ட இட்லிப் பானைதான். ரெண்டு கிலோமீட்டர்ல கழட்டி இடுப்புல கட்டிக்கிட்டு, மிச்ச தூரமும் சுமக்கணும்.

2018 பாஸ்டன் மாரத்தான் கதை வேற. கொட்டற மழை, எதிர்க்காத்து, உறைநிலைக்குக் கொஞ்சம் மேல குளிர். பெரிய பெரிய வீரர்களே பாதியில நின்னுட்டாங்க. பெண்கள்ல ஜெயிச்ச டெஸ் லிண்டன் கடைசி வரைக்கும் ஜாக்கெட்டோடதான் ஓடினாங்க. ஆண்கள்ல ஜெயிச்ச ஜப்பான்காரர் யூகி கவாவுச்சி, அப்ப அரசாங்க உத்தியோகம் பாத்துக்கிட்டே ஓடினவர். (நம்ம இனம்!) அங்க ஜாக்கெட் உயிரைக் காப்பாத்தும். இங்க எப்படியும் நனையத்தான் போறோம். நனைஞ்சா எது கனக்காது, எது உரசாதுன்னு பாத்தாப் போதும்.

பருத்தி பனியன், பருத்தி டி-ஷர்ட் கூடவே கூடாது. தண்ணியைக் குடிச்சுத் தொங்கும், மார்புல உரசி ரத்தமே வரும். வெள்ளைச் சட்டையில ரெண்டு சிவப்புக் கோட்டோட ஓட்டத்தை முடிக்கிறவங்களைப் பாத்திருக்கேன். உடம்பை ஒட்டின மெல்லிசு பாலியஸ்டர் போதும். எங்க குரூப்ல ஓடற ரிடையர்டு காகா ஒருத்தர் அக்குள், தொடையிடுக்கு, மார்புன்னு வாசலினை வெண்ணெய் மாதிரி அப்பிக்குவார். நாங்க சிரிப்போம். குளிக்கிறப்ப எரிச்சல்ல கத்தறது நாங்கதான், அவர் இல்லை :-)

எனக்கு முக்கியம் பாதம்தான். ஆறு வருஷமா சர்க்கரை. ஓடலாம்னு டாக்டர் சொன்னப்பவே ஒரு நிபந்தனை போட்டார்: தினம் ராத்திரி ரெண்டு உள்ளங்காலையும் பாக்கணும். சர்க்கரைக்காரனுக்கு நரம்பு மரத்துப் போனா கொப்புளம் வந்தது கூடத் தெரியாது, புண் சீக்கிரம் ஆறாது. எங்க பிராஞ்சுக்கு வர்ற பென்ஷன்தாரர் ஒருத்தருக்குச் செருப்புக் கடியில ஆரம்பிச்சு, ஒரு விரலையே எடுத்துட்டாங்க. ஒவ்வொரு தடவை அவர் வர்றப்பவும் என் கண்ணு அந்தக் காலுக்குத்தான் போகும்.

ஈரமான தோல் ஊறி மெத்துனு ஆயிடும், சீக்கிரம் கிழியும். அதனால சாக்ஸும் பருத்தி வேணாம். மெல்லிசா, மடிப்பு விழாம, ஏற்கெனவே நாலஞ்சு தடவை போட்டு ஓடினதா இருக்கட்டும். ஷூவும் அப்படித்தான், புதுசு கூடாது. தண்ணி புகாத ஷூன்னு கடைக்காரர் காட்டினா ஏமாறாதீங்க. மேல் வழியா தண்ணி இறங்கும், அப்புறம் வெளிய போக வழியில்லை. வலை மாதிரி துணி இருந்தா ஓட ஓட வடிஞ்சிடும். விரல் நகத்தை ஒட்ட வெட்டிக்கோங்க, லேஸை இறுக்கிக் கட்டுங்க. இறக்கத்துல ஈரக் கால் முன்னால வழுக்கிப் போய் முட்டும்.

கண்ணாடி போட்டவங்களுக்கு நெத்தியில நீட்டிக்கிட்டிருக்கிற தொப்பி ஒண்ணு அவசியம். ஆரம்பிக்கிறதுக்கு முன்னால நின்னுக்கிட்டிருக்கிற நேரத்துக்கு, பெரிய குப்பைப் பையில தலைக்கு ஓட்டை போட்டு மாட்டிக்கலாம். கிளம்பறப்ப குப்பைத் தொட்டியில போட்டுடுங்க, ரோட்ல வேணாம்.

ஓடி முடிச்சதும்தான் நிஜக் குளிர். நின்ன அஞ்சே நிமிஷத்துல நடுக்கும். மாத்துச் சட்டை, துண்டு, காஞ்ச சாக்ஸ், எல்லாத்தையும் ரெண்டு பாலிதீன் பையில சுத்தி வெச்சுக்கோங்க. முதல்ல சட்டையை மாத்திட்டு அப்புறம் போட்டோ எடுத்துக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் ஷூவுக்குள்ள பழைய பேப்பரைச் சுருட்டித் திணிங்க, ரெண்டு தடவை மாத்துங்க. எங்க வீட்ல அந்த இளஞ்சிவப்பு வியாபாரப் பத்திரிகைதான். நல்லாவே உறிஞ்சுது.