கூரை இறக்கிய கார்

பழைய வீட்டின் கூரையைப் பிரித்து, உயர்த்திக் கட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஒரு காரின் கூரையைச் சுற்றிலும் அறுத்தெடுத்து, அதைத் தாங்கும் தூண்களில் மூன்று அங்குலத்தைக் கழித்துவிட்டு, அதே கூரையை மறுபடியும் தாழ்வாகப் பொருத்தும் வேலையைக் கேள்விப்பட்டதுண்டா? நானும் கேள்விப்பட்டதில்லை. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியாவுக்குச் சென்று, என் சகோதரியின் மகன் இல்லத்தில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தபோதுதான் அதனைக் கண்டேன். கண்டேன் என்பதைவிட, அந்தக் கூரையின் ஒரு மூலையைக் கையால் தாங்கினேன் என்பதே சரி.

மருமகனின் ஊர் போமோனா. லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரின் மையத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். வடக்கே சான் கேப்ரியல் மலைத்தொடர் மதில்போல் நிற்கிறது. ஒரு காலத்தில் ஆரஞ்சுத் தோட்டங்கள் நிறைந்திருந்த பூமி. இப்போது வரிசை வரிசையாக வீடுகள். நம் ஊர்களில் மாலை வேளையில் திண்ணையில் மனிதர்களைக் காண்கிறோம் அல்லவா? அங்கே கார்க் கொட்டகையின் கதவை உயர்த்திவிட்டு, ஏதாவதொரு பழைய வண்டியின் அடியில் படுத்துக் கிடப்பவர்களைக் காணலாம். ஊரின் கண்காட்சித் திடலில் பழைய கார்களும் உதிரிப்பாகங்களும் விற்கும் பெருஞ்சந்தை ஆண்டில் பலமுறை கூடுகிறது. கார்ப் பந்தயங்களுக்கென ஓர் அருங்காட்சியகமும் அத்திடலிலேயே இருக்கிறது.

அடுத்த வீட்டுப் பெரியவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய கொட்டகையில் 1931ஆம் ஆண்டின் ஃபோர்டு மாடல் ஏ கார் ஒன்று நின்றது. இருவர் அமரும் சிறு வண்டி. ஃபோர்டு நிறுவனம் 1927 முதல் 1932 வரை இந்த மாடலில் ஏறக்குறைய 48 லட்சம் கார்களைச் செய்து வெளியிட்டது. நான்கு சிலிண்டர் எஞ்சின், 40 குதிரைத்திறன். ஆரஞ்சுப் பழங்களைப் பெட்டியில் அடைக்கும் கூடத்தில் வேலை பார்த்த அவருடைய தந்தை, இதைப் பழைய வண்டியாக விலைக்கு வாங்கி, கடைசிவரை ஓட்டினாராம். கூரை உயரமானது. தலையில் தொப்பியுடன் நிமிர்ந்து உட்காரலாம். தந்தையும் அப்படித்தான் உட்கார்ந்து ஓட்டுவார் என்றார் பெரியவர்.

அந்தக் கூரையைத்தான் அவர் மூன்று அங்குலம் இறக்கப் போகிறார்! முன்பின் ஒரு காரையும் அறுத்தறியாதவர்.

அவருக்கு ஒரு மூத்த சகோதரி உண்டு. வண்டி இருவருக்கும் பொதுவான சொத்து. பதினாறு வயதில் இவர் கூரையை இறக்க ஆசைப்பட்டபோது தந்தை, "நான் ஓட்டும்வரை இதைத் தொடாதே" என்றாராம். "தமக்குப் பிறகு செய்துகொள் என்பதுதானே அதன் பொருள்?" என்று தம்பி கேட்கிறார். "தொடாதே என்றுதானே சொன்னார்?" என்று அக்காள் கேட்கிறார். இரண்டு மாதங்களாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஒரே வாக்கியத்துக்கு இருவர் இரண்டு பொருள் கொள்வதைப் பாடம் நடத்தும் எனக்குப் பழக்கம்தான். ஆயினும் இங்கே என் மனம் அக்காளின் பக்கமே சாய்ந்தது. நல்ல நிலையில் உள்ள ஒன்றை ஏன் அறுக்க வேண்டும் என்று பெரியவரிடமே கேட்டுவிட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை என்னுடன் ஓர் இடத்துக்கு வாருங்கள். பார்த்துவிட்டுக் கேளுங்கள்" என்றார்.

கஹோன் கணவாய் வழியாக மலையைக் கடந்து, மொஹாவி பாலைவனத்துக்குள் புகுந்தோம். வழியில் தம் வாகனத்தின் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டச் சொன்னார். உள்ளங்கையை முன்னோக்கி வைத்தபோது காற்று கையைப் பின்னுக்குத் தள்ளியது. கையைத் தரைக்கு இணையாகத் திருப்பியதும் அந்தத் தள்ளல் பெரிதும் குறைந்தது. "பாடம் முடிந்தது" என்று சிரித்தார்.

நாங்கள் சென்ற இடம் எல் மிராஜ் ஏரி. ஏரி என்கிறார்கள், ஒரு சொட்டு நீர் இல்லை. கடல்மட்டத்துக்கு மேல் 2,800 அடி உயரத்தில், வெடித்துக் காய்ந்த களிமண் தரை, கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கிறது. பெயரிலேயே கானல் இருக்கிறது. தொலைவில் பார்த்தால் உண்மையிலேயே நீர் பளபளப்பது போலத் தோன்றுகிறது. அன்று அங்கே எங்களைத் தவிர யாருமில்லை.

1930களில் இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டு கார்களை இத்தகைய வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுவந்து வேகத்தைச் சோதித்தார்கள். அந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்த 1937இல் தென் கலிஃபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம் தோன்றியது. முதலில் பெயர் பெற்றிருந்த முராக் என்ற ஏரி இராணுவத்தின் வசமாயிற்று. இன்று அது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்குள் அடங்கிவிட்டது. சங்கத்தின் ஓட்டங்கள் எல் மிராஜில் இன்றும் நடைபெறுகின்றன.

வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. வண்டியின் முகப்புப் பரப்பைக் குறைத்தால் அந்த எதிர்ப்பும் குறையும். விலையுயர்ந்த எஞ்சின் வாங்கப் பணமில்லாத இளைஞனிடம் ஒரு வாளும் உழைக்கும் கையும் இருந்தன. அவன் கூரையை இறக்கினான். இப்படித் தேவைக்காகச் செய்தது, கண்ணுக்குப் பழகிப் பழகி அழகாயிற்று. பந்தயத்துக்கே போகாதவர்களும் கூரையை இறக்கத் தொடங்கினார்கள்.

இக்கலையில் பெயர் பெற்றவர்கள் ஜார்ஜ் பேரிஸ், சாம் பேரிஸ் என்னும் சகோதரர்கள். லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த லின்வுட்டில் அவர்களுடைய பட்டறை இருந்தது. 1952இல் பாப் ஹிரோஹட்டா என்ற இளைஞருக்காக, 1951ஆம் ஆண்டின் மெர்க்குரி கார் ஒன்றின் கூரையை முன்புறம் 4 அங்குலமும் பின்புறம் 7 அங்குலமும் இறக்கினார்கள். அந்தக் கார் பின்னர் பல கை மாறி, 1959இல் 500 டாலருக்கு விலைபோனது. அதே கார் 2022 ஜனவரியில் ஏலத்தில், கட்டணங்கள் நீங்கலாக 19 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போயிற்று!

ஆனால் மெர்க்குரியின் கூரை முதன்முறை அறுப்பவருக்கு உரியதன்று. காரணத்தைப் பெரியவர் ஒரு காகிதக் கோப்பையை வைத்து விளக்கினார். மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும் கோப்பையின் நடுவில் ஒரு வளையத்தை வெட்டியெடுத்தால், மேல்பாதியின் விளிம்பும் கீழ்ப்பாதியின் விளிம்பும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. சாய்ந்த தூண்கள் உள்ள காரும் அப்படித்தான். கூரையையே நெடுக்கிலும் குறுக்கிலும் வெட்டி நீட்ட வேண்டிவரும். மாடல் ஏ காரின் தூண்களோ ஏறக்குறைய செங்குத்தானவை. கூரை நேராகக் கீழே இறங்கும். கண்ணாடிகளும் தட்டையானவை. அடுக்குக் கண்ணாடியைக் கடையில் அளவுக்கு வெட்டித் தருவார்கள். சூடேற்றி இறுக்கிய கண்ணாடியை வெட்ட முனைந்தால் அது பொடிப்பொடியாக நொறுங்கிவிடும்.

திரும்பும் வழியில் அவர் சொன்னார்: "நான் எந்தப் பந்தயத்திலும் ஓடப்போவதில்லை. ஆசைப்பட்டபோது அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு வேலை, பிள்ளைகள். இப்போது செய்யாவிட்டால் இனி எப்போது?" நான் பதில் சொல்லவில்லை.

அடுத்த நான்கு வாரங்களும் அவர் ஒரு துண்டும் அறுக்கவில்லை என்றால் நம்புவீர்களா? அளந்துகொண்டே இருந்தார். இருக்கையையும் கண்ணாடிகளையும் கழற்றினார். கூரையின் நடுவிலிருந்த துணியையும் மரச்சட்டங்களையும் நீக்கினார். கதவுகளைச் சரியாகப் பொருத்தி, அவற்றைச் சுற்றியுள்ள இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்தார். பின்பு சதுர இரும்புக் குழாய்களை வண்டிக்குள் நெடுக்கும் குறுக்குமாக வெல்டிங் செய்தார். கூரை நீங்கியதும் காரின் உடல் விரிந்துவிடாமல் காப்பவை அவைதாம். அதன்பின் ரசமட்டம் வைத்து, ஒவ்வொரு தூணிலும் கதவுச் சட்டத்திலும், பின் ஜன்னலைச் சுற்றியும், மூன்று அங்குல இடைவெளியில் இரண்டு கோடுகளைக் காகித நாடாவால் ஒட்டினார். தம் கை நடுங்குவதாகச் சொன்னார். பயமிருப்பதால்தானே இத்தனை முறை அளக்கிறார் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அறுக்கும் நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய வேலை நண்பகலுக்குள் முடிந்தது. பெரியவர், என் மருமகன், எதிர்வீட்டு இளைஞர், நான் என நால்வரும் நான்கு மூலைகளைப் பிடித்துத் தூக்கினோம். தொண்ணூறு ஆண்டுகளை நெருங்கிய அந்தக் கூரை எங்கள் கைகளுக்கு வந்தது. கீழே, தலையில்லாத உடலாக வண்டி நின்ற காட்சி என் நெஞ்சை என்னவோ செய்தது. இனி இதைப் பழையபடி ஆக்க இயலாது. அந்நேரம் தெருவின் எதிர்ப்புறம் ஒரு கார் வந்து நின்றது. உள்ளே அவருடைய அக்காள். அவர் இறங்கவில்லை; பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெட்டிய துண்டுகளை நீக்கிவிட்டுக் கூரையை மெல்ல இறக்கினோம். எல்லாம் பொருந்தின, இடப்புறம் கதவுக்குப் பின்னிருந்த தூண் மட்டும் பொருந்தவில்லை. அரைக்கால் அங்குல இடைவெளி! பெரியவரின் முகம் வெளுத்தது. காரணம் சிறியது. கட்டிங் வீலுக்கும் ஒரு கனம் உண்டு. மற்றத் தூண்களில் கோட்டின் உட்புறமாக அறுத்தவர், இதில் மட்டும் இரண்டு கோடுகளிலும் வெளிப்புறமாக அறுத்துவிட்டார். சக்கரம் தின்ற கனம் இருமுறை கழிந்துவிட்டது. நம் தச்சர்கள் முதல் நாளிலேயே கற்றுக்கொள்ளும் பாடம் அது.

எங்களுக்கு என்ன செய்வதென்று தோன்றவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "அறுத்த துண்டுகளை எறிந்துவிட்டாயா?"

அக்காள் இறங்கி வந்திருந்தார். தந்தையின் அருகில் நின்று வேலை பார்த்துப் பழகியவராம். எறியவில்லை என்றார் தம்பி. அதே தூணிலிருந்து வெட்டிய துண்டில் மெல்லிய பட்டை ஒன்றை அறுத்து, இடைவெளியில் வைத்தார்கள். கனம் ஒன்று, வளைவு ஒன்று, இரும்பும் ஒன்று. இம்மியும் பிசகாமல் உட்கார்ந்தது. நான்கு மூலைகளிலும் புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்து, கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். முழுப் பற்றவைப்புக்கு மேலும் பல நாட்கள் ஆகும். ஓரிடத்திலேயே தொடர்ந்து பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்து ஆறவிட வேண்டும்.

அக்காள் காரைச் சுற்றி வந்தார். "அப்பா தொப்பியோடு உட்கார முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாது. கழற்றிவிட்டுத்தான் உட்கார வேண்டும்" என்றார் தம்பி.

"எனக்கு இது இன்னும் பிடிக்கவில்லை" என்றார் அக்காள். சொல்லிவிட்டு, கதவைத் திறந்து, தலையைத் தாழ்த்தி உள்ளே நுழைந்து, இருக்கை இல்லாத வண்டியில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு அமர்ந்தார். தம்பி மறுபுறம் ஏறி அமர்ந்தார். நாங்கள் மூவரும் தண்ணீர் குடிக்கச் செல்வதுபோல் விலகி வந்துவிட்டோம்.

வாசகர்களே! அறுத்தது சரியா, தவறா என்று என்னிடம் கேட்டால் இன்றும் என்னால் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை. அறுப்பதற்கு ஒரு முற்பகல் போதுமானதாக இருந்தது. அதற்கு முன் அளப்பதற்கு நான்கு வாரங்களும், பின் ஒட்டுவதற்கு அதைவிட நெடிய நாட்களும் தேவைப்பட்டன. பாதியில் மனம் சோர்ந்து விட்டுவிடப்பட்ட வண்டிகள் கூரையின்றித் துருவேறிக் கிடப்பதை அந்தச் சந்தையில் நான் பார்த்தேன். இந்த வண்டிக்கு அந்தக் கதி நேரவில்லை. நான் ஊர் திரும்பி ஏழு மாதங்கள் கழித்து மருமகன் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தான். கூரை தாழ்ந்த அந்தச் சிறு கார் தெருவில் நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையில் அக்காள். பக்கத்தில் தம்பி. தந்தையின் தொப்பி அவர் மடியில் இருக்கிறது.