உதைக்கிற குதிரை என்ன விலை?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 1936 முதல் வண்டிகளின் எண் பலகையில் ஒரு குதிரை துள்ளிக்கொண்டிருக்கிறது. அது ஸ்டீம்போட்தான் என்று அங்கே பலர் சாதிக்கிறார்கள். மூக்கெலும்பில் அடிபட்டு, மூச்சுவிட்டால் நீராவிப் படகுபோலக் கூவியதால் வந்த பெயர். 1914இல் செத்தது. ஏர் இழுத்தோ பந்தயத்தில் ஜெயித்தோ பெயர் வாங்கவில்லை. ஏறினவர்களில் அநேகம் பேரைக் கீழே தள்ளியது, அவ்வளவுதான். இன்றைய ரோடியோவில் எட்டு விநாடி முதுகில் தாக்குப்பிடித்தாலே வீரன்.

என் அப்புச்சிக்கு இது விளங்கியிருக்காது.

ஆடி வந்தால் அவருக்கு அந்தியூர் குருநாதசாமி கோயில்தான். சாமிக்கு ஒரு கும்பிடு. மிச்ச நேரமெல்லாம் குதிரைச் சந்தை. காத்தியவார், மார்வாரி, வெள்ளை வெளேரென்ற நொக்ரா என்று வரிசையாகக் கட்டியிருப்பார்கள். வாங்குகிற வசதியும் கிடையாது, கட்டுவதற்கு இடமும் கிடையாது. ஆனாலும் நாளைக்கே ஓட்டிப்போகிறவர் மாதிரி நெற்றிச் சுழி, நெஞ்சுச் சுழி என்று ஒன்றுவிடாமல் பார்ப்பார். தரகரும் சளைக்காமல், "சுழி சுத்தமுங்க, கொழந்தையாட்ட நிக்குமுங்க" என்பார். உடனே அப்புச்சி பின்னங்காலருகே போய் வாலைத் தூக்குவார். எனக்கு அடிவயிறு கலங்கும். ஒருமுறை கறுப்புக் குட்டியொன்று கயிற்றை இழுத்துக்கொண்டு எழும்பித் தண்ணீர் வாளியை உதைத்துத் தள்ளியது. அப்படியொரு அழகை நான் அதுவரை பார்த்ததில்லை. துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தவர் கையை உருவிக்கொண்டு நடந்துவிட்டார். "உதை வாங்கறதுக்குக் காசு வேற குடுக்கோணுமா கண்ணு?" என்றார் அப்புச்சி.

கொங்குநாட்டுப் புத்தியே அதுதான். எங்கள் பெருமையெல்லாம் நுகத்துக்குக் கழுத்தைக் கொடுக்கிற மாட்டில். காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறந்து ஆறேழு மாதத்தில் சாம்பல் பூக்கும். கிளுவை வேலிக்குள் கொறங்காட்டுக் கொழுக்கட்டைப்புல் மேய்ந்து வளரும். வளர்ந்ததும் கிணற்றில் கவலை இறைக்கும், பாரவண்டி இழுக்கும். விளையாட்டு என்றாலும் ரேக்ளாதான், அதிலும் பூட்டித்தான் ஓட்டுவோம். அலகுமலையிலும் செட்டிபாளையத்திலும் நடக்கிற ஜல்லிக்கட்டெல்லாம் அண்மைக்காலத்துச் சேர்க்கை.

தெற்கே போனால் வேறு உலகம். சி.சு.செல்லப்பாவின் 'வாடிவாசல்' காரியை நினைத்துக்கொள்கிறேன். யாரும் தொட முடியாத காளை. ஜமீன்தாரின் கௌரவமே அதன் திமிலில் இருக்கிறது. அதன் கொம்புக்குத் தகப்பனைப் பறிகொடுத்த பிச்சி ஒருநாள் அதை அணைந்துவிடுகிறான். கடைசியில் ஜமீன்தார் காரியைச் சுட்டுவிடுகிறார். சின்ன வயதில் பிச்சிக்காகக் கைதட்டிப் படித்தேன். இப்போது காளையின் பக்கமாகத்தான் படிக்க முடிகிறது. அடங்காமல் இருந்தவரை அது ஜமீனின் சொத்து. ஒரேயொருவனுக்கு அடங்கினதும் அவமானமாகிவிட்டது. அந்த மனுஷனுக்கு உழுகிற மாடு ஒன்றாவது இருந்திருந்தால் கொஞ்சம் நிதானம் வந்திருக்கும் என்று என் கொங்குப் புத்தி சொல்கிறது.

ஆனால் அந்தப் புத்தியும் இன்று செல்லாக்காசு. மோட்டார் வந்து கவலை போயிற்று, டிராக்டர் வந்து ஏர் போயிற்று. சாதுவான காளைக்கன்று அடிமாட்டு லாரிக்குப் போகிறது. போன வருஷம் மாட்டுச் சந்தையொன்றில், திமிறிக்கொண்டு நின்ற காரிக் கன்றை ஒரு மதுரைக்காரர் சுற்றிச்சுற்றி வந்தார்.

"கிட்டச் சேர்க்குமாங்க?"

"வளத்தவனையே முட்டுதுங்க" என்றார் தரகர், வெகு பெருமையாக. விலை அந்த இடத்திலிருந்துதான் ஏறியது.